தாய் வீட்டில் இருக்க வேண்டுமா, வேலைக்குத் திரும்ப வேண்டுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் புனிதமிகு குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் விடுமுறை முடியப்போகிறது. தனியார் நிறுவனங்களில் 12 வாரமாக இருந்த பேறுகால விடுப்பு, 2017-ல் வந்த சட்டத் திருத்தத்திற்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்றானது. தமிழக அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. அந்த நாள் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மாமியார் ஒன்று சொல்கிறார், பெற்ற உம்மா ஒன்று சொல்கிறார். கணவர் ஒன்றும் பேசாமல் இருக்கிறார், அல்லது முடிவை மட்டும் சொல்கிறார். கடைசியில் ஜும்ஆ முடிந்து ஆலிம்களிடம் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை பெற்றவள் வீட்டில்தான் இருக்க வேண்டுமா, வேலைக்குப் போகலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்கள்.

ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் யாரையாவது வாயடைக்கவும் சிலர் நினைக்கிறார்கள். ஆனால் நமது மார்க்கம் ஆகும், ஆகாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. இதில் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன பொறுப்பு, பாரம் யார் தோளில் விழுகிறது என்றெல்லாம் கேட்கிறது. இதை வாசிக்கும் நீங்கள் கணவராக இருந்தாலும், மனைவியாக இருந்தாலும், மாமியாராக இருந்தாலும் இந்தக் கேள்விகளை உங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள்.

குர்ஆன் எங்கிருந்து தொடங்குகிறது?

சூரத்துல் பகராவின் 233-வது வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால்குடிப் பிள்ளையையும் அதன் தாய் தந்தையையும் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் வசனம் வேறு இல்லை. அதில் நான்கு செய்திகள் வருகின்றன.

முதலாவது, பிள்ளையின் உரிமை. பாலூட்டுதலை முழுமைப்படுத்த விரும்புவோருக்கு அதன் காலம் இரண்டு முழு ஆண்டுகள். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவுகளோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்றுதான் பரிந்துரைக்கிறது.

இரண்டாவது, செலவு. அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பது தந்தையின் மீது கடமை. அவரவர் சக்திக்கு மேல் யாரும் சிரமப்படுத்தப்படுவதில்லை.

மூன்றாவது, பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது, தந்தைக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பிள்ளையின் நலன் என்று சொல்லித் தாயை நசுக்குவதை அல்லாஹ் தடுக்கிறான். தாயின் விருப்பம் என்று சொல்லித் தந்தையை நசுக்குவதையும் தடுக்கிறான்.

நான்காவது, முடிவெடுக்கும் முறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பால் மறக்கடிக்க நினைத்தாலும் அது இருவருடைய திருப்தியோடும் இருவருடைய ஆலோசனையோடும் நடந்தால் குற்றமில்லை. செவிலித்தாயை அமர்த்திக்கொள்வதும் குற்றமில்லை, அவளுக்குரிய கூலியை முறையாகக் கொடுத்துவிட வேண்டும்.

சகோதரர்களே, திருப்தி என்பதற்கு அந்த வசனத்தில் வரும் சொல் 'தராளின்'. ஆலோசனை என்பதற்கு வரும் சொல் 'தஷாவுர்'. இரண்டுமே இருவரும் சேர்ந்து செய்தால்தான் நடக்கும் காரியத்தைக் குறிப்பவை. ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. பால் மறக்கடிப்பதற்கே கணவனும் மனைவியும் உட்கார்ந்து மஷ்வரா செய்ய வேண்டும் என்றால், ஒரு பெண்ணின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் முடிவை அவளைக் கேட்காமல் எடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்தக் காலத்துத் தாய்மார்கள்

நம் நாயகம் (ஸல்) அவர்கள் யாரிடம் பால் குடித்து வளர்ந்தார்கள்? ஹலீமா ஸஅதிய்யா அம்மையாரிடம். அந்த அம்மையார் ஏன் மக்காவுக்கு வந்தார்? பஞ்ச காலம். மடியில் சொந்தக் குழந்தை பசியில் அழுகிறது. பனூ ஸஅத் கோத்திரத்துப் பெண்களோடும் தன் கணவரோடும், பாலூட்ட ஒரு பிள்ளை கிடைத்தால் வருமானம் கிடைக்கும் என்று வந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பிழைப்புத் தேடி வந்த ஒரு தாயின் கையில்தான் அல்லாஹ் தன் ஹபீபை ஒப்படைத்தான்.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்கள், அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்ற தாய். மதீனாவில் கணவரின் குதிரைக்குத் தீனி போட்டார், தண்ணீர் இறைத்தார், மாவு பிசைந்தார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஃபர்ஸக் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். ரொட்டி சுடுவது அவருக்குச் சரியாக வராது, பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். பிறகு தந்தை ஒரு பணியாளரை அனுப்பி வைத்தபோது, தன்னையே விடுதலை செய்ததைப் போல் இருந்தது என்று அவரே சொன்னதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு ஸஹாபிப் பெண் 'எனக்குப் பாரமாக இருந்தது' என்று சொன்னதை ஹதீஸ் கிரந்தம் மறைக்கவில்லை. நம் வீட்டில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் "இவளுக்கு மட்டும் என்ன?" என்று கேட்கிறோம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தன்னிடமிருந்த பொருளிலிருந்து கணவருக்கும், தன் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவு செய்தார். அது தர்மமாகுமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய நன்மை, தர்மம் செய்த நன்மை என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கவனியுங்கள். அது அவர் மீது கடமை என்று சொல்லவில்லை, தர்மம் என்று சொன்னார்கள்.

இங்கே நம் ஊர்களையும் பாருங்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்த பெண்கள் யார்? மேலப்பாளையத்தில் மடியில் பீடித் தட்டும் பக்கத்தில் தொட்டிலுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் யார்? நம் உம்மாக்கள்தான், நன்னிமார்கள்தான். அந்தக் கூலியில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை குமர்கள் கரையேறினார்கள்! வீட்டுக்குள் இருந்தே செய்ததால் அதை வேலை என்று யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு வேலை வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. பஸ் பிடிக்க வேண்டும், கைவிரல் வைத்து நேரத்தைப் பதிய வேண்டும். தொட்டிலைக் கூடவே தூக்கிப் போக முடியவில்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

"வீடுகளில் தங்கியிருங்கள் என்று குர்ஆனில் வருகிறதே?" என்று சிலர் கேட்கலாம். அஹ்ஸாப் சூராவின் 33-வது வசனம் நபியவர்களின் மனைவியரை முன்னிலைப்படுத்தி இறங்கியது. அதிலுள்ள ஒழுக்கம் எல்லா முஃமினான பெண்களுக்கும் பாடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹிஜாபின் சட்டம் வந்த பிறகு அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் வெளியே சென்றது பற்றிப் பேச்சு வந்தபோது, தேவைகளுக்காக வெளியே செல்லப் பெண்களுக்கு அனுமதி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்களே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஹலாலான வேலை, ஹிஜாபின் ஒழுக்கம், பாதுகாப்பான பயணம், பாதுகாப்பான இடம் ஆகிய நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க முடியாது. அவை பேணப்படும்போது வேலையே ஹராம் என்று சொல்ல ஆதாரமில்லை.

வீட்டில் இருக்கும் தாய்க்கு நாம் பட்ட கடன்

நம்மில் ஷாஃபிஈக்களும் இருக்கிறோம், ஹனஃபிகளும் இருக்கிறோம். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கொடுப்பது தாயின் மீது கட்டாயம், அதற்குப் பிறகு பாலூட்ட வேறு ஆள் கிடைத்தால் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அல்லாஹ்விடத்தில் அவளுக்கு அந்தக் கடமை உண்டு, ஆனால் மாற்று வழி இருக்கும்போது காழி அவளை நிர்ப்பந்திக்க மாட்டார் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். தலாக் ஆன தாய் பாலூட்டினால் அவளுக்குக் கூலி கொடுக்கும்படி தலாக் சூராவின் 6-வது வசனமே சொல்கிறது.

மனைவிமார்கள் இந்தச் சட்டங்களை வைத்து வீட்டில் வழக்காட வேண்டும் என்பதற்காக நான் சொல்லவில்லை. மனைவி, வீட்டிற்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி, அதுபற்றி விசாரிக்கப்படுவாள் என்ற ஹதீஸையும் நாம் அறிவோம். கணவன்மார்களாகிய நாம் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஐந்து, பத்து ஆண்டுகள் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய் செய்வதில் பெரும்பகுதி இஹ்ஸான், உபகாரம். ஒருவர் நமக்கு உபகாரம் செய்தால் என்ன செய்வோம்? "அவள் சும்மாதானே வீட்டில் இருக்கிறாள்" என்று சொல்வோமா?

அந்தத் தாயின் இழப்பையும் கணக்கில் எடுங்கள். பத்து ஆண்டு இடைவெளி விட்டவளுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைப்பது சுலபமில்லை. நாளை கணவர் மவுத்தாகிவிட்டால், அல்லது அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், தலாக் என்று ஆகிவிட்டால் அவள் கையில் என்ன இருக்கும்? "நீ வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் கணவர் அந்தச் சொல்லைப் பொருளாகவும் காட்ட வேண்டும். பாக்கி இருக்கும் மஹரை உடனே கொடுங்கள். அவள் மனப்பூர்வமாகச் சம்மதிக்காமல் அவள் நகை அடகுக்கடைக்குப் போகக் கூடாது. அவள் பெயரில் ஒரு கணக்கு, முடிந்தால் ஒரு சிறு சொத்து இருக்கட்டும். குர்ஆன் ஆண்களுக்கு நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்தபோது, அவர்கள் தங்கள் பொருளைச் செலவு செய்வதையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உரிமையை மட்டும் கேட்க முடியாது.

வேலைக்குப் போகும் தாயின் சம்பளமும் களைப்பும்

ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்ற கருத்தை நிஸா சூராவின் 32-வது வசனத்தில் காண்கிறோம். மனைவியின் சம்பளம் மனைவியுடையது. அவள் வீட்டுக்குக் கொடுத்தால் அது தர்மம், அதற்கு இரட்டைக் கூலி. ஏ.டி.எம். கார்டைக் கணவர் வாங்கி வைத்துக்கொள்வதற்கு ஷரீஅத்தில் என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் தாயை, வீட்டுக் கடன் தவணைக்காகவும் கார் தவணைக்காகவும் கட்டாயப்படுத்தி வேலைக்கு அனுப்புகிறார்கள். நஃபகா கணவன் மீதுள்ள கடமை. கணவனுக்கு நோய், தொழில் நஷ்டம் என்று உண்மையான நெருக்கடி வந்தால் மனைவி தோள் கொடுப்பது உயர்ந்த குணம். ஆடம்பரத்திற்காகப் பத்து மாதப் பிள்ளையிடமிருந்து தாயைப் பிரிப்பது உயர்ந்த குணத்தில் சேராது. வேலைக்குப் போகாதே என்று அடக்குவதும், போயே தீர வேண்டும் என்று விரட்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்தான். இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

வேலைக்குப் போகிறாள் என்று முடிவானால் வீட்டு வேலையின் கணக்கும் மாற வேண்டும். காலையில் 5 மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, 8 மணி பஸ்ஸைப் பிடித்து, மாலை 6 மணிக்கு வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறாள். கணவர் அதே 6 மணிக்கு வந்து போனை எடுத்துக்கொண்டு சாய்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றுதான் பதில் வந்தது. தாடியில் சுன்னத்தைப் பேணும் நாம் அடுப்படியிலும் ஒரு சுன்னத் இருப்பதை மறந்துவிட்டோம்.

பேச முடியாத மூன்றாவது ஆள்

கணவனும் மனைவியும் பேசுகிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். பிள்ளை பேசாது. அதன் சார்பில் நாம்தான் பேச வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் பிள்ளைக்குப் பால் மட்டும் தேவையில்லை, பழகிய மடியும் தேவை. ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளில் சந்தேகம் வந்தால் பிள்ளையின் பக்கம் சாயுங்கள் என்பது என் ஆலோசனை. விடுப்பை நீட்டிக்க முடியுமா, குறைந்த நேரம் வேலை பார்க்க முடியுமா, வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்று முதலில் தேடுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்ற விதி அந்த 2017 திருத்தத்தோடு வந்தது. எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

அதே நேரம், வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைக் கைவிட்டவள் என்று சொல்லாதீர்கள். மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளையைப் பிரிந்தார். அல்லாஹ் அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தபோது, தாயின் கண் குளிர வேண்டும், அவர் கவலைப்படக் கூடாது என்பதைக் காரணமாகச் சொல்கிறான். பெற்ற பிள்ளைக்கே பாலூட்டி ஃபிர்அவ்னின் வீட்டிலிருந்து கூலியும் பெற்றார் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. தாயின் மனதை அல்லாஹ் கணக்கில் எடுத்திருக்கிறான். நாம் எடுக்காமல் விடலாமா?

பாட்டிமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உம்மா பார்த்துக்கொள்வார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 60 வயதில், முழங்கால் வலியோடு, ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓடுவது அந்த உம்மா மீது கடமையில்லை. அதுவும் இஹ்ஸான்தான். அவர்களையும் கேளுங்கள். உதவிக்கு ஆள் வைத்துக் கொடுங்கள்.

ஒரு வீட்டு மஷ்வரா

ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். மனைவி கணித ஆசிரியை, கணவர் சிறிய கடை வைத்திருக்கிறார். பிள்ளைக்கு 11 மாதம். பள்ளியில் இனியும் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கணவரின் தாயாருக்குச் சர்க்கரை நோய். "வேலையை விடச் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்றார் கணவர். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதுவரை யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை" என்றாள். பிள்ளையை விட்டுப் போக அவளுக்கும் மனமில்லை. ஆனால் இந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் இருந்தது. நிக்காஹ் பேசும்போது, வேலைக்குப் போகலாம் என்று கணவர் வீட்டார் வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாக்குறுதி பற்றி மறுமையில் கேள்வி உண்டு என்று அந்தச் சகோதரருக்கு நினைவூட்டினேன்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். கடையைக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து அதுவரை கணவர் பிள்ளையைப் பார்ப்பது, பகலில் பக்கத்துத் தெருவில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது, அந்தச் சம்பளத்தைக் கணவரே கொடுப்பது, ஆறு மாதம் கழித்து மறுபடியும் உட்கார்ந்து பேசுவது. சிரமம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாமியாருக்கு இன்னும் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனால் பாரம் இப்போது ஒருத்தி தலையில் மட்டும் இல்லை.

வேறொரு வீட்டில் இதே பேச்சின் முடிவில் ஒரு தாய் வேலையை விட்டுவிடத் தீர்மானிக்கலாம். மனப்பூர்வமாக எடுத்த முடிவென்றால் அதுவும் சரிதான். இரண்டு பெண்களையும் ஒப்பிட்டு ஒருத்தியை மட்டம் தட்டுவதை நாம் விட்டுவிட வேண்டும். எடுத்த முடிவு ஆயுளுக்கும் மாறாதது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் தேவை வேறு, எட்டு வயதுப் பிள்ளையின் தேவை வேறு. காலம் மாறும்போது மஷ்வராவும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

தொழுகையைச் சுருக்கிய நபி

நபி (ஸல்) அவர்கள் நீட்டித் தொழ வைக்க நினைத்து நிற்பார்கள். பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்கும். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதை உணர்ந்து தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது.

அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் வந்தாய், வீட்டுக்குப் போ என்று அந்தத் தாயிடம் சொல்லவில்லை. பிள்ளை அழட்டும், நமக்கென்ன என்று விட்டுவிடவும் இல்லை. ஒரு தாய்க்காக முழு ஜமாஅத்தும் தன் தொழுகையைச் சுருக்கிக்கொண்டது. தொழுகையே வளைந்து கொடுத்திருக்கிறது. நம் கடை நேரம் வளையாதா? நம் சாப்பாட்டு நேரம் வளையாதா?

மஹல்லா நிர்வாகிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பல ஊர்களில் மக்தப் மதரஸாக் கட்டிடம் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை பூட்டிக் கிடக்கிறது. நம்பிக்கையான இரண்டு, மூன்று பெண்களை நல்ல சம்பளத்தில் வைத்து அங்கே ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்த முடியாதா? கணவனை இழந்து பிழைப்புக்காக வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளை அங்கே இலவசமாகச் சேர்க்க முடியாதா? அந்தத் தாய்மார்களுக்கு வேலைக்குப் போவதா, வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. அவர்களைப் பற்றித் திண்ணையில் பேசுவதை விட இது மேலானது.

ஆகவே, இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டுத் தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ என்ன நினைக்கிறாய்?" கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். மஷ்வராவின் ஆரம்பம் அதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் துணைவியரையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்களையும் அவர்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! வீட்டில் இருந்து உழைக்கும் தாய்மார்களுக்கும், வெளியே சென்று உழைக்கும் தாய்மார்களுக்கும் உடல் நலத்தையும் மன நிம்மதியையும் தருவாயாக! எங்கள் ரிஜ்கில் பரக்கத் செய்வாயாக! அடுத்தவர் முதுகில் பாரத்தை ஏற்றிவிட்டு அதை மார்க்கம் என்று சொல்லும் குணத்திலிருந்து எங்களைக் காப்பாற்றுவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.